அந்த மேகம் சிவப்பாக இருந்ததே இல்லை

மூன்று வருடங்களாக என் கைப்பேசியைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு மலை. ஆல்ப்ஸில் எங்கோ ஓரிடம். கீழே ஏரிக்கரை, கரையில் பாதி சாய்ந்த மரவேலி, நடுவில் ஊசியிலைக் காட்டின் கரும்பச்சை, அதற்கும் மேலே பனிமுகடு. பனிக்கென்று வெள்ளை பூசவில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் வண்ணம் ஓட்டியிருக்கிறார் வரைந்தவர். முகட்டுக்குப் பின்னால், தாளின் மேல்பாதி முழுக்க, இளஞ்சிவப்பாக மேகம். 1830களைச் சேர்ந்தது, ஓவியர் பெயர் தெரியவில்லை, நீர்வண்ணம், இவ்வளவுதான் பக்கத்தில் இருந்த அட்டை சொன்னது. இங்கிலாந்தில் நான் வசிக்கும் பகுதியில் உள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் மாடிப்படி திருப்பத்தில் அது தொங்கியது. படியேறும்போது மூச்சு வாங்க நின்றதால்தான் பார்த்தேன். நிற்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அந்தச் சிவப்பைப் பற்றி நான் பேசாத ஆள் கிடையாது. எண்ணெய் வண்ணத்தில் அந்தியைக் காட்டுவது எளிது, அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே போகலாம், தண்ணீரில் கரைத்த வண்ணத்தை ஈரம் காய்வதற்குள் ஒரே வீச்சில் இழுத்து, அதில் வெயிலின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பிடிப்பதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும் என்றெல்லாம் அளந்திருக்கிறேன். நான் தூரிகை பிடித்தவன் இல்லை. என் தங்கை பிடிப்பவள். அவளுக்குப் படத்தை அனுப்பியபோது ரொம்ப நேரம் பதில் வரவில்லை. பிறகு வந்தது.

"நல்லாத்தான் இருக்குண்ணா. ஒண்ணு கேக்கட்டா? சாயங்கால வெளிச்சம்னா பனி மேலயும் அந்தச் சிவப்பு அடிக்கணுமே? பனி ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு? ஏரியிலயும் ஒண்ணும் தெரியல."

"அதெல்லாம் ஓவியரோட சுதந்திரம்மா" என்று எழுதினேன். அவள் ஒரு கட்டைவிரல் படம் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உள்ளேயே இருந்தது.

காலி ஆணி

அடுத்த வருடம் வெளியூர் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வழியெல்லாம் அந்த ஓவியத்தின் புகழ் பாடிக்கொண்டே போனேன். மாடிப்படி திருப்பத்தில் வேறொரு படம் இருந்தது, யாரோ ஒரு மேயரின் செதுக்குச்சித்திரம். விசாரித்ததில் மலை "ஓய்வில்" இருக்கிறதாம். எத்தனை நாளைக்கு? சில வருடங்கள் ஆகலாம். மற்ற மலை ஓவியங்கள்? அவர்களிடம் இருநூறுக்கு மேல் தாள்கள் இருக்கின்றன, சுவரில் இருப்பவை நான்கு. எனக்குக் கோபம் வந்தது. நண்பர் மேயரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பெட்டியில் பூட்டி வைப்பதற்கா அருங்காட்சியகம், மக்களுக்குச் சொந்தமானதை மக்கள் கண்ணிலிருந்து மறைப்பது என்ன நியாயம், இந்த ரகம். இன்று அதைப் படித்தால் கூசுகிறது.

இரண்டு நாளில் மிக மரியாதையாகப் பதில் வந்தது. முன்பதிவு செய்துகொண்டு வந்தால் எந்தத் தாளை வேண்டுமானாலும் மேசையில் வைத்துக் காட்டுகிறோம், கட்டணம் கிடையாது. இது அந்த ஒரு இடத்தின் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். அப்படியில்லை. லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில், ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற காகிதங்கள் 30,000-க்கு மேல் இருக்கின்றன, அவற்றில் சுமார் 300 குறிப்பேடுகள். சுவரில் தொங்குவது அதில் துளி. மிச்சத்தை முன்பதிவு செய்து யார் வேண்டுமானாலும் படிப்பறையில் உட்கார்ந்து பார்க்கலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அப்படி ஓர் அறை உண்டு. ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

படிப்பறை என்றதும் பெரிய மண்டபத்தைக் கற்பனை செய்திருந்தேன். வடக்கு பார்த்த ஒரு சின்ன அறை, சன்னலில் திரை, இரண்டு மேசை. பை, மேலங்கி, பேனா எல்லாம் வெளியே. எழுத வேண்டுமானால் பென்சில். கையுறை தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் அங்கிருந்த பெண்மணி. துணியுறையில் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவோம். பிறகு கறுப்புத் துணி ஒட்டிய தட்டையான ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். புத்தகம் போலத் திறக்கிறது. சொலாண்டர் பெட்டி என்று பெயர். கேப்டன் குக்கோடு கப்பலில் போன ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் டேனியல் சொலாண்டர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தபோது உலர்ந்த செடிகளையும் தாள்களையும் வைக்க உருவாக்கியது. இன்றும் உலகம் முழுக்க ஓவியத்தாள்கள் படுத்திருப்பது அதில்தான்.

ஒரு விரற்கடை

என் மலை வெளியே வந்தது. கண்ணாடி இல்லாமல், சட்டம் இல்லாமல், சன்னல் வெட்டிய தடித்த வெள்ளை அட்டைக்குள். எனக்கு அவ்வளவு பக்கத்தில் அது எப்போதுமே இருந்ததில்லை. மரவேலியின் கீழே பென்சில் கோடு தெரிந்தது. முதலில் வேலி இன்னும் இடப்பக்கம் இருந்திருக்கிறது, மனம் மாறியிருக்கிறார். ஏரியில் இரண்டு இடத்தில் வண்ணத்தைக் கத்தி முனையாலோ நகத்தாலோ சுரண்டி வெளிச்சம் எடுத்திருந்தார். சுரண்டிய இடத்தில் தாளின் நார் பூனைமுடி போல நின்றது. இதெல்லாம் கைப்பேசியில் தெரியவே தெரியாது. (டர்னர் இந்தச் சுரண்டலுக்காகவே ஒரு கட்டைவிரல் நகத்தைக் கழுகு நகம் போல வளர்த்து வைத்திருந்தார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மலை அருவியின் வெள்ளை நுரை பல நேரம் வண்ணமே இல்லை, கீறல்.)

ஏன் இந்தத் தாளைக் கேட்டீர்கள் என்றார் அந்தப் பெண்மணி. அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துவிட்டது. அந்தி, துணிச்சல், கடைசி ஐந்து நிமிடம், எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு, உங்களுக்கு ஒன்று காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு, சன்னல் அட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கதவு போல மெல்ல மேலே தூக்கினார்.

தாளின் நான்கு ஓரத்திலும், இத்தனை வருடம் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்கு வேறு வானம் இருந்தது. சாம்பல். ஈயச் சாம்பல், கொஞ்சம் நீலம் கலந்து, மழைக்கு முந்தைய நிறம். அட்டையின் விளிம்பு விழுந்த இடத்தில் அது நேர்கோடாக நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் மூன்று வருடம் ஆராதித்த சிவப்பு.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. ஓரத்தில் அழுக்கு படிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் விளக்கினார். மேகச் சாம்பலுக்கு அந்தக் காலத்தவர் இரண்டு வண்ணத்தைக் கலப்பார்கள், இண்டிகோவும் இந்தியன் ரெட்டும். ஒன்று அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலம். இன்னொன்று இரும்புத் துரு நிறைந்த செம்மண் சாயல். இரண்டும் கலந்தால் அருமையான மழைமேகச் சாம்பல் வரும், விலையும் குறைவு, பயணப்பெட்டியில் தவறாமல் இருக்கும். வெளிச்சம் படப்பட அவுரி நீலம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிதைந்து நிறமற்றுப் போய்விடும். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. நீலம் போனபின் எஞ்சுவது சிவப்பு. பனி ஏன் வெள்ளையாக இருந்தது, ஏரியில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கெல்லாம் பதில் அந்த ஒரு விரற்கடையில் இருந்தது. ஓவியர் வரைந்தது அந்தி அல்ல. பட்டப்பகல், மழை வரப்போகிறது, பெட்டியை மூடிக்கொண்டு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் இழுத்த வீச்சு அது.

எனக்கு ஏமாற்றத்தைவிட வெட்கம்தான் அதிகம். மூன்று வருடம் ஒரு மனிதரின் கைவண்ணம் என்று நான் பாராட்டியது, மாடிப்படி சன்னலின் கைவண்ணத்தை. வெளியே வந்ததும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"இண்டிகோ பறந்துடுச்சாண்ணா?" என்றாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவே இல்லை.

"தெரிஞ்சுதான் கேட்டியா அன்னிக்கு?"

"சந்தேகம்தான். நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

பழைய சண்டை

இந்தச் சங்கதி ஒன்றும் புதிதில்லை என்பது பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1886-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் இதற்காகவே பெரிய சண்டை நடந்திருக்கிறது. நீர்வண்ணங்களைக் காட்சிக்கு வைத்தே அழிக்கிறார்கள் என்று ஒரு பக்கம், அதெல்லாம் மிகைப்படுத்தல் என்று இன்னொரு பக்கம். கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் அதில் இறங்கினார். கடைசியில் அரசே ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகளிடம் ஆராயச் சொன்னது. வண்ணம் பூசிய காகிதக் கீற்றுகளைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, பாதியை மூடி பாதியைத் திறந்து, மாதக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். 1888-இல் அறிக்கை வந்தது. இண்டிகோ நிற்காது. கார்மைன், கிரிம்சன் லேக் போன்ற, பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புகளும் நிற்காது. மண்ணிலிருந்து வந்தவை நிற்கும்.

ரஸ்கினின் கதை இதில் தனி. டர்னர் 1851-இல் இறந்து, உயில் வழக்கு 1856-இல் முடிந்து, அவர் பட்டறையில் கிடந்தவையெல்லாம் நாட்டுக்கு வந்தன. அவற்றை நேஷனல் கேலரியின் அடித்தளத்தில் உட்கார்ந்து 1857-58 குளிர்காலத்தில் பிரித்தவர் ரஸ்கின். தகரப்பெட்டிகளில் 19,000 தாளுக்கு மேல். எலி கடித்தவை, பூஞ்சை பிடித்தவை, நான்காக மடித்தவை. அதில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து, சட்டம் போட்டு, தேவைப்படும்போது மட்டும் இழுத்துப் பார்க்கும்படி அலமாரிகளும் வடிவமைத்தார். அந்த வேலையை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனாலும் ஒரு முரண் உறுத்துகிறது. பிந்தைய தலைமுறைகளில் அதிக நாள் சுவரில் இருந்தவை எவையோ அவையே அதிகம் வெளுத்தன. எவரும் தேர்ந்தெடுக்காமல் மூடிய குறிப்பேட்டுக்குள் கிடந்த பக்கங்கள் நேற்றுத் தீட்டியது போல இருக்கின்றன. அழகு என்று தெரிந்ததே அவற்றுக்குக் கேடாக முடிந்தது.

ஹென்றி வாகன் என்றொரு சேகரிப்பாளர். 1899-இல் இறந்தார். தன்னிடமிருந்த டர்னர் நீர்வண்ணங்களில் 31-ஐ டப்ளினுக்கும் 38-ஐ எடின்பரோவுக்கும் எழுதி வைத்தார், ஆல்ப்ஸ் காட்சிகள் உட்பட. கூடவே ஒரு நிபந்தனை: எல்லாவற்றையும் ஒன்றாக, இலவசமாகக் காட்ட வேண்டும், ஆனால் ஜனவரி மாதம் மட்டும். வருடத்திலேயே வெளிச்சம் மந்தமான மாதம் அது. மற்ற பதினோரு மாதமும் பெட்டிக்குள். டப்ளினில் 1901 முதல் அப்படியே நடக்கிறது. இன்று விளக்கொளியை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம், ஜனவரியோ ஜூலையோ ஒன்றுதான். ஆனாலும் ஜனவரியில்தான் திறக்கிறார்கள். அந்த மனிதர் பணக்காரத் தொப்பி வியாபாரியின் வாரிசு. விஞ்ஞானி இல்லை, சன்னலோரம் வைத்த படத்தைக் கவனித்துப் பார்த்தவர் என்று நினைக்கிறேன்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் உறைக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். தாளில் உள்ள வண்ணங்களுக்கு இப்போதைய வழக்கம் 50 லக்ஸ், அதாவது வாசலில் நின்று பார்த்தால் அறை இருட்டாகத் தோன்றும் அளவு. நாளைக்கு எட்டு மணி நேரம், மூன்று மாதம் தொங்கினால் 36,000 லக்ஸ்-மணி சேரும். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மூன்று மாதக் காட்சியை வெயில் இருபது சொச்சம் நிமிடத்தில் தின்றுவிடும். சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிர, ஓய்வு கொடுத்தால் குறையாது. "ஓய்வில் உள்ளது" என்ற சொல் அதனால்தான் கொஞ்சம் ஏமாற்று. உடம்பு போல அது தேறி வருவதில்லை, செலவை நிறுத்தி வைக்கிறார்கள், அவ்வளவே. பிரஷ்யன் நீலம் மட்டும் விதிவிலக்கு. வெளிச்சத்தில் வெளுத்து, இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். அவுரிக்கு அந்த வரம் இல்லை.

ஆக, நான் பெட்டிக் கட்சிக்கு மாறிவிட்டேனா? பெரும்பாலும் ஆம். ஆனால் இருட்டும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1928 ஜனவரியில் தேம்ஸ் பொங்கி டேட்டின் கீழ்த்தளத்துக்குள் புகுந்தபோது நனைந்தவற்றில் டர்னர் தாள்களும் இருந்தன. அதைவிட இன்னொன்று: எவர் கண்ணுக்கும் படாத மலை எதற்கு? டர்னரே ஆல்ப்ஸை முதலில் பார்த்தது இன்னொருவர் தாளில்தான். இளம் வயதில் மருத்துவர் மன்றோ வீட்டில், மாலை நேரங்களில், இன்னொரு இளம் ஓவியரான தாமஸ் கிர்ட்டினோடு உட்கார்ந்து, மூத்த ஓவியர் ஜான் ராபர்ட் கோசன்ஸின் மலைக்காட்சிகளைப் படியெடுத்தார். கொஞ்சம் காசும் இரவுச் சாப்பாடும் கூலி. பிரான்ஸோடு நடந்த போர் ஓய்ந்து 1802-இல் வழி திறந்தபோதுதான் நிஜ மலையைப் பார்த்தார். கோசன்ஸின் தாள்களை அந்த மருத்துவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்பது வருடம் கழித்து, 1842-இல், லூசெர்ன் ஏரிக்கு எதிரே உள்ள ரிகி மலையை நீலமாக ஒன்று, சிவப்பாக ஒன்று, இருளாக ஒன்று என்று வரைந்த கை அதுதான். நீல ரிகியை டேட் 2007-இல் 49.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஒரு தூரிகை வீச்சு ஐந்து பவுண்டு என்று பொதுமக்களிடமும் திரட்டினார்கள். அதன் பெயரிலேயே நிறம் இருக்கிறது. அதைச் சுவரில் தொங்கவிடவா, பெட்டியில் வைக்கவா என்று முடிவெடுக்கிறவரின் இடத்தில் நான் இருக்க விரும்பவில்லை.

என் மலை பற்றி இன்னொரு சங்கடம் உண்டு. சாம்பல்தான் உண்மை என்று தெரிந்த பிறகும் எனக்குச் சிவப்புதான் பிடிக்கிறது. விரற்கடைச் சாம்பலைக் கண்ணால் மேலே நீட்டி முழு வானமாக்கிப் பார்க்க முயன்றேன். மலை கனத்துவிட்டது, ஏரி சுருங்கிவிட்டது. நல்ல படம்தான், ஆனால் மாடிப்படியில் என்னை நிறுத்தியிருக்காது. இதை அந்தப் பெண்மணியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதனால்தான் அட்டையைத் தூக்கிக் காட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன் என்றார். எனக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே, போதும், மூடிவிடுங்கள் என்றேன்.

தங்கை சும்மா இருக்கவில்லை. இன்று கடையில் இண்டிகோ என்று எழுதி விற்கும் டியூபில் பெரும்பாலும் அவுரியே இல்லை, வேறு நீலமும் கறுப்பும் கலந்து அந்தச் சாயலைச் செய்கிறார்கள். அதனால் நிஜ அவுரிப் பொடியை வாங்கி, பிசினோடு சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் அவளே அரைத்தாள். இந்தியன் ரெட்டோடு கலந்து ஒரு துண்டு வானம் தீட்டினாள். அந்த விரற்கடையை நான் அனுமதி வாங்கி எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டு நான்கு முறை கலவையை மாற்றியிருக்கிறாள். பிறகு பாதியை அலுமினியத் தாளால் சுற்றி, வெயில் அடிக்கும் சன்னலில் ஒட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தாளைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்புகிறாள். போன வாரம் ஒன்பதாவது படம் வந்தது.

"திறந்த பக்கம் லேசா சூடேறின மாதிரி இருக்குண்ணா. உன் மலை அளவுக்கு இல்ல. நீ பாத்து சொல்லு, எனக்கு ஆசைல அப்படித் தெரியுதோ என்னமோ."

பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, குறைத்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.